வலது பக்கக் கதவு

எல்சிக்குக் கை பதறாது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊசி பிடிப்பவள். நரம்பு அகப்படாத வயசாளிகள், வீறிட்டு அழும் குழந்தைகள், ஊசியைக் கண்டாலே வியர்த்துக்கொட்டும் ஆம்பிளைகள் எல்லாரையும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். "ஒரு நிமிஷம், அவ்வளவுதான்" என்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாள். எதையும் சட்டுப்புட்டென்று முடிக்கிற சுபாவம். பஸ்ஸில் போனாலும் வண்டி நிற்குமுன்னே படிக்கட்டுக்கு வந்துவிடுவாள். மின்வாரியத்தில் போர்மேனாக இருக்கும் அவள் கணவர் மதலைமுத்து இதற்காகவே பலமுறை சத்தம் போட்டிருக்கிறார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஒரத்தநாட்டில் நாத்தனார் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. மதலைமுத்துவுக்கு டியூட்டி இருந்ததால், எல்சி மட்டும் வாடகைக் காரில் முன்னால் கிளம்பினாள். ஓட்டியவன் அன்பரசன். முப்பதை எட்டாத பையன். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் இரண்டு மூன்று வருஷமாக அவன்தான் வருவான். பின்சீட்டின் இடது பக்கத்தில் கேக் பெட்டியையும் பரிசுப் பொட்டலத்தையும் வைத்துவிட்டு, எல்சி அவனுக்கு நேர் பின்னால், வலது ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

குறுவை அறுவடை முடிகிற சமயம். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்லையெல்லாம் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். வழிநெடுக இடது பக்கப் பாதிச் சாலை நெல்லாகவே கிடந்தது. மீதிப் பாதியில்தான் போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ஒரத்தநாட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது, எதிர்ச்சாரியில் ஒரு பழக்கடை கண்ணில் பட்டது. வெறும் கேக்கோடு போய் நிற்பதா என்று எல்சிக்குத் தோன்றிவிட்டது.

"அன்பு, கொஞ்சம் நிறுத்துப்பா. ரெண்டு கிலோ ஆப்பிள் வாங்கிக்கிறேன்."

அவன் பிரேக் போட்டு, நெல் விளிம்பை ஒட்டி நிறுத்தினான். "இருங்கக்கா. நெல்லு முடியற எடத்துல ஓரங்கட்டிடுறேன். எடது பக்கமாவே எறங்கிக்கலாம்."

"எதுக்குப்பா? இதோ, கடை எதுத்தாப்லதான் இருக்கு."

இடது பக்கம் இறங்கினால் ஊரான் நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்க வேண்டும். தவிர, நாத்தனார் அந்த நேரம் பார்த்து போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "இந்தா வந்துட்டேன் அண்ணி" என்று சொன்னபடியே எல்சி வலது பக்கக் கதவைத் திறந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். பெரிய சத்தமே இல்லை. ஒரு தகர டப்பா விழுந்ததுபோல. சாலையில் ஒரு மொபெட் பக்கவாட்டில் சுழன்று கிடந்தது. அதற்கு இரண்டு கஜம் தள்ளி ஒரு மனிதர், வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறிப்போய், மல்லாந்து கிடந்தார். தலைக்கடியில் தார்ச்சாலை மெதுவாக நனைந்துகொண்டிருந்தது.

அன்பரசன்தான் முதலில் இறங்கி ஓடினான். பழக்கடைக்காரரும் அவனுமாகத் தூக்கி வந்து அதே காரில் பின்சீட்டில் கிடத்தினார்கள். கேக் பெட்டியை யாரோ வெளியே எடுத்து வைத்தார்கள். எல்சி துப்பட்டாவை மடித்துக் காயத்தில் அழுத்திக்கொண்டு, அந்தத் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி போகிறவரைக்கும் அவள் கை பதறவேயில்லை. அதை நினைத்தால் அவளுக்கே பின்னால் அருவருப்பாக இருந்தது.

அவருக்கு நினைவு போய்ப் போய் வந்தது. "நம்பரு கூப்புட்டுருவான்... நெல்லு அங்கேயே கெடக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "மழ வருது, பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். மழை இல்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவர் பெயர் வீரையன். ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலம் வைத்துக்கொண்டு, அதோடு குத்தகைக்கும் கொஞ்சம் பிடித்து விவசாயம் பார்த்தவர். கொள்முதல் நிலையத்தில் தன் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார்கள் என்று நாலு நாளாக நெல்லைப் போட்டுவிட்டுக் காவல் இருந்தவர், அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் புறக்காவல் போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, எல்சி சுவரில் சாய்ந்து நின்றாள். முன்புறமெல்லாம் ரத்தம். அதற்குள் மதலைமுத்துவும் வந்து சேர்ந்திருந்தார்.

"வண்டி ஓட்டுனது யாரு?"

"நான்தாங்க" என்றான் அன்பரசன்.

"எப்படி ஆச்சு?"

"வண்டி நின்னுட்டு இருந்துச்சுங்க சார். கதவு தொறந்துச்சு. பின்னாடி வந்தவரு கதவுல மோதிட்டாரு."

யார் திறந்தது என்று போலீஸ்காரர் கேட்கவில்லை. அன்பரசன் எல்சியை ஒரு முறை பார்த்தான். அவள் வாயைத் திறக்கப் போனாள். மதலைமுத்து அவள் முழங்கையைப் பிடித்து, "அவங்க அதிர்ச்சியில இருக்காங்க சார். டிரஸ்ஸ மாத்திட்டு வரட்டும்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று எழுதிய எப்.ஐ.ஆரில், 'சாலையின் நடுவே அஜாக்கிரதையாக நிறுத்தப்பட்ட காரின் வலதுபுறக் கதவு திறக்கப்பட்டதில்' என்று இருந்தது. திறந்தவர் என்று யாரும் இல்லை; திறக்கப்பட்டது, அவ்வளவுதான். ஓட்டியவன் இருக்கிறான், அவன் பேரில் போட்டார்கள்.

வீரையனின் மனைவி அம்சவல்லி சாயங்காலம் வந்தாள். நடவு வயலிலிருந்து அப்படியே வந்தவள். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. யாரோ எல்சியைக் காட்டி, "இவங்கதான் மடியில போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஓடி வந்து எல்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா அந்த ரோட்டுலயே உசிரு போயிருக்கும். நீங்க நல்லா இருக்கணும்."

எல்சியின் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். "நெல்லப் பாத்துக்கச் சொன்னாரும்மா."

நாலாம் நாள் விடியற்காலை வீரையன் இறந்துபோனார்.

எல்சி மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மதலைமுத்துவிடம், "ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிடுறேங்க" என்றாள்.

அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீ சொன்னா அந்த மனுஷன் எழுந்திரிச்சு வரப்போறாரா? வக்கீலக் கேட்டுட்டேன். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. டிரைவர் பேர்ல கேஸ் இருந்தாத்தான் அந்தப் பொம்பளைக்குச் சிக்கல் இல்லாம நாலு காசு கெடைக்கும். உன் பேர்ல போச்சுன்னா, நான் ஏன் குடுக்கணும்னு இன்சூரன்ஸ்காரன் கேப்பான். அன்புக்கும் ஜாமீன் குடுத்துட்டாங்க. கடைசியில ஃபைன் கட்டிட்டு வந்துருவான். எல்லாருக்கும் நல்லதுதான் எல்சி. நீ சும்மா இருக்கறதுதான் நல்லது."

கேட்கக் கேட்க அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. தப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசைக்கும் நியாயத்துக்கும் நடுவில் வித்தியாசம் தெரியாதபடி அவர் பேசினார். போலீஸ் ஒரு நாள் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனது. அவர்கள் எழுதி வந்ததைப் படித்துக் காட்டினார்கள். அவள் தலையாட்டினாள்.

பிறகு அம்சவல்லி போன் பண்ண ஆரம்பித்தாள். முதலில் இறப்புச் சான்றிதழுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அப்புறம் விதவை உதவித்தொகைக்கு மனு எழுத. எல்சி லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குக் கூடவே போனாள். அம்சவல்லியின் மகள் சுடர்விழி பிளஸ் டூ முடித்ததும், லேப் டெக்னீஷியன் படிப்பில் அவளைச் சேர்த்துவிட்டது எல்சிதான். செய்யச் செய்யப் பாரம் குறையும் என்று நினைத்தாள். குறையவில்லை, அம்சவல்லியின் பிரியம்தான் கூடிக்கொண்டே போனது. சம்பா அறுத்ததும் புது அரிசி வந்தது. வயலில் தெளித்த உளுந்து விளைந்ததும் முதல் படி எல்சி வீட்டுக்குத்தான் வந்தது.

உளுந்தைக் கொண்டுவந்த அன்று அம்சவல்லி காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னாள்: "சாமி கும்புடும்போதெல்லாம் ரெண்டு பேர நெனைச்சுக்குவேன் அக்கா. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு அந்த டிரைவர் பய. நடுரோட்டுல வண்டிய நிறுத்திக் கதவத் தொறந்தானே, அந்தக் கை அழுகணும். அத நான் பாக்கணும்."

எல்சி உளுந்தை முறத்தில் கொட்டிப் புடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள். அந்த வாரம் கோயிலில், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். வரிசையை விட்டு விலகி, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள்.

அன்பரசன் ஜூன் மாதம் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தான். ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆள் மெலிந்திருந்தான். எல்சி அவனை வெளியே மரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

"என்ன அன்பு, இப்பல்லாம் காரு ஓட்டறதில்லையா? கூப்டா வேற ஆளு வர்றாங்க."

"ஓனரு வேண்டாம்னுட்டாருக்கா. லைசென்ஸையும் அஞ்சு மாசம் முடக்கி வெச்சிருந்தாங்க. அது போவுது." அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். "கவர்மெண்டு பஸ்சுக்கு டிரைவர் வேலைக்குப் போட்டிருந்தேன்க்கா. பரீட்சை பாஸாயிட்டேன். வண்டி ஓட்டிக் காட்டுனதுலயும் பாஸு. இப்ப, கேஸு இருக்கு, முடிச்சிட்டு வான்னு நிறுத்தி வெச்சிருக்காங்க."

எல்சி காகிதத்தை வாங்கினாள்; படிக்க முடியவில்லை.

"எங்க வீட்டுல தலைமுறையா வயக்காட்டுல கூலி வேலக்கா. மொத ஆளு நான்தான் காக்கிச் சட்டை போட்டிருப்பேன்." அவன் குரலில் கோபம் இல்லை. ஏதோ உதவி கேட்பதுபோலத்தான் பேசினான். "கோர்ட்டுல உங்களச் சாட்சியாப் போட்டிருக்காங்க. நீங்க பழிய ஏத்துக்கங்கன்னு கேக்கலக்கா. நான் இருங்கன்னு சொன்னேன்ல? முன்னாடி ஓரங்கட்டுறேன்னு சொன்னேன்ல? அத மட்டும் சொல்லிடுங்க."

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல அன்பு?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனைச்சேன்க்கா" என்றான்.

கேஸ் ஒரத்தநாடு கோர்ட்டில் எல்சி முறைக்கு வர மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. கிளம்புகிற காலையில் அவள் மதலைமுத்துவிடம் சொல்லிவிட்டாள். அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். "அந்தப் பொம்பள வந்திருப்பா" என்றார். "தெரியும்" என்றாள் எல்சி. அவர் கூட வரவில்லை.

அம்சவல்லி வந்திருந்தாள். சுடர்விழியும் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எல்சியைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "பயப்படாம சொல்லுங்கக்கா, நாங்க இருக்கோம்ல" என்றாள் அம்சவல்லி. கூண்டுக்கு எதிரே அன்பரசன் வெள்ளைச் சட்டை போட்டுக் கை கட்டி நின்றிருந்தான்.

எல்சியைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்வதாகச் சொல்லச் சொன்னார்கள். அரசு வக்கீல் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து வேகமாகக் கேட்டார்.

"டிரைவர் வண்டிய அஜாக்கிரதையா நடுரோட்டுல நிறுத்துனதாலயும் கதவு திறந்ததாலயும்தான் விபத்து நடந்துச்சு. சரிதானே?"

"இல்லீங்க" என்றாள் எல்சி. "நிறுத்தச் சொன்னது நான். கதவத் திறந்ததும் நான்தான்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி போட்ட இளவயதுப் பெண்மணி. "நல்லாக் கேக்கற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

"டிரைவர் இருங்கன்னு சொன்னாரு. நெல்லு முடியற எடத்துல ஓரமா நிறுத்துறேன், இடது பக்கமா எறங்கலாம்னு சொன்னாரு. நான் கேக்கல. போன் பேசிக்கிட்டே, பின்னாடி யாராச்சும் வர்றாங்களான்னு பாக்காம, வலது பக்கக் கதவத் திறந்துட்டேன். அவரு அதுலதான் மோதி விழுந்தாரு."

"போலீஸ்ல இத ஏன் சொல்லல?"

"பயந்துட்டேங்க."

அரசு வக்கீல் சலித்துக்கொண்டார். சாட்சி போலீசிடம் சொன்னதற்கு மாறாகச் சொல்கிறார், ஆகவே பிறழ் சாட்சியாகக் கருத வேண்டும் என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு ரிப்போர்ட்டைக்கூட மாற்றி எழுதாதவள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிறழ் சாட்சி என்று பெயர் வாங்கினாள், அதுவும் உண்மையைச் சொல்லி. அவர் குறுக்கும் மறுக்குமாக எவ்வளவோ கேட்டார். டிரைவரிடம் பணம் வாங்கினீர்களா என்றுகூடக் கேட்டார். அவள் சொன்னதையே சொன்னாள். பெஞ்ச் இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் அம்சவல்லி தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அடிப்பாள் என்றெல்லாம் எல்சி எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஏதாவது செய்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"நான் யாரு கைய சபிச்சேன்னு தெரிஞ்சுதான் என்கிட்ட உளுந்து வாங்குனீங்களா?" என்றாள் அம்சவல்லி.

"அம்சா..."

"அவரு கடைசியா நெல்லப் பாத்துக்கச் சொன்னாருன்னு சொன்னீங்களே. அதாச்சும் நெசமா?"

"நெசம் அம்சா. சத்தியமா நெசம்."

"நீங்க சத்தியம் பண்ணாதீங்க." அவள் மகளின் கையைப் பிடித்தாள். "நான் ஒரு வருஷத்துக்கு மேலா அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டுத்தான் படுத்துத் தூங்குறேன். இப்ப அதையும் நம்ப முடியல."

சுடர்விழி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அம்மா இழுத்த இழுப்புக்குப் போய்விட்டாள்.

தீர்ப்பு வர மேலும் இரண்டு மாதம். அன்பரசன் விடுதலையானான். எல்சி மேல் இனி என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு அவளே போய்க் கேட்டாள். சப் இன்ஸ்பெக்டர் புது ஆள். பைலைப் புரட்டிவிட்டு, "மேலேருந்து ஏதாச்சும் வந்தா கூப்புடுறோம்மா, போங்க" என்றார். யாரும் கூப்பிடவில்லை. பரிசோதனைக் கூடத்தில் அவள் வேகம் குறைந்துபோயிற்று. ஊசியைக் குத்துமுன் இரண்டு மூன்று தடவை நரம்பைத் தடவிப் பார்ப்பாள். வரிசை நீண்டதும் மேனேஜர் அவளை ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டருக்கு மாற்றினார்.

அன்பரசனுக்கு வேலை கிடைக்கவில்லை. தீர்ப்பு நகலோடு அவன் போனபோது அந்தப் பட்டியலின் காலம் முடிந்திருந்தது. அடுத்த அறிவிப்பு வரும்போது எழுதச் சொன்னார்கள். அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். ஒரு நாள் வழியில் எல்சியைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். நல்லா இருக்கீங்களா என்று கேட்டான். "மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவன், அதை முடிக்காமல், "வரேன்க்கா, வெயிலு ஏறுது" என்று கிளம்பிவிட்டான்.

மனசு கேட்காமல் எல்சி அம்சவல்லியின் ஊருக்கு ஒரு முறை போனாள். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்களோடு நாற்று நட்டுக்கொண்டிருந்த அம்சவல்லி, வரப்பில் நிற்பவளைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"சுடர்விழி காலேஜுக்குப் போறாளா?" என்றாள் எல்சி.

"போவுது. நீங்க சேத்துவிட்டதுன்னு நிறுத்தல. அது படிப்பு, அது தலையெழுத்து." அம்சவல்லி வயலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நஷ்டஈட்டு கேஸு இழுக்குது. டிரைவரு மேல தப்பில்லன்னா நாங்க ஏன் குடுக்கணும்னு இன்சூரன்ஸ்காரன் கேக்குறானாம். கிடைக்கும், ஆனா நாளாவும்னு வக்கீலு சொல்றாரு. அதுக்காக உங்க மேல கோவம் இல்ல. அந்தப் பையன் கைய ஒரு வருஷத்துக்கு மேல சபிச்சிருக்கேன் பாருங்க, அதான் ராத்திரியில வந்து உறுத்துது. அவங்க வீட்டுக்கே போயி அவன் அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"நான் என்ன பண்ணட்டும், சொல்லு அம்சா."

"வராதீங்க. உங்களப் பாத்தா அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்க கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டது ஞாபகம் வருது. எனக்கு அது தாங்கல."

அவள் வயலில் இறங்கினாள். மற்ற பெண்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

நஷ்டஈட்டு வழக்கில் அடுத்த வாய்தா தை மாதம். அந்தச் சாட்சிப் பட்டியலிலும் எல்சி பெயர் இருக்கிறது. எதற்காகத் திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டும், உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் மதலைமுத்து. அவள் கோர்ட்டுக்குப் போவதற்காகப் பரிசோதனைக் கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். அம்சவல்லியும் அன்றைக்கு வருவாள்.